மருதாணி இல்லம் மூடப்பட்டது

கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்து திருவண்ணாமலை கொஞ்சம் மூச்சுவிட்டிருந்த ஒரு காலை, செங்கம் ரோட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்த இங்கிரிட் அம்மாவைப் பார்த்ததும் அருணாதேவி மொபெட்டை ஓரமாக நிறுத்தினாள். ஜெர்மன்காரி. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ். வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு வந்து அருணாவின் வீட்டில்தான் தங்குவாள். இந்த வருஷம் கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. உடம்புக்கு என்னவோ ஏதோ என்று அருணா பயந்துபோயிருந்தாள்.

ஆனால் அந்த அம்மாள் அருணாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எப்ப வந்தீங்க? ஏன் நம்ம வீட்டுக்கு வரல?" என்று அருணா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டாள்.

"நீதானே வராதே என்று எழுதினாய்," என்றாள் இங்கிரிட். "அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, வீட்டை மூடிவிட்டோம், என் சொந்தக்காரர் லாட்ஜ் கட்டியிருக்கிறார், அங்கே போய்த் தங்கு என்று எழுதினாய். இத்தனை வருஷப் பழக்கத்துக்கு நாலே வரி மெயில். கீழே உன் பெயர்."

அருணா அப்படி ஒரு கடிதம் எழுதவில்லை. எழுதவில்லை என்று சொன்னாள். அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியாதது போலிருந்தது. கீரையைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாள்.

எந்த லாட்ஜ் என்று அருணா கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது மருதாணி இல்லம். அருணாவின் அப்பா ஆதிமூலம் மல்லாட்டைக்கடலை போட்டுக்கொண்டிருந்த கழனியின் ஒரு ஓரத்தில் வரிசையாக ஐந்து அறைகள், முன்னால் மருதாணி வேலி, மாடிக்குப் போனால் மலை முழுசாகத் தெரியும். போளூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் அருணா திரும்பி வந்தபோது ஊர் அவளைப் பார்த்த பார்வை ஒன்று. அந்த அறைகளைக் கட்டி, வெள்ளைக்காரர்கள் தேடி வரும் இடமாக ஆக்கிய பிறகு பார்த்த பார்வை வேறு. பொன்னி அரிசிச் சோறும் காரம் குறைத்த சாம்பாரும் கொடுப்பாள். வந்தவர்கள் மறுபடி வந்தார்கள்.

அவர்களைக் கொண்டுவந்த வெப்சைட்டை உண்டாக்கியவன் சுரேஷ்குமார். அவளுடைய அத்தை மகன், ஒத்த வயது, பி.சி.ஏ. படித்தவன். செங்கம் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். "உலகம் பூரா உன் வீட்டைப் பார்க்கும் அருணா," என்று சொல்லி அவனே படம் பிடித்து, அவனே எழுதி, அவனே ஏற்றினான். யாராவது அறை கேட்டு எழுதினால் அவன் சென்டருக்குத்தான் அந்த மெயில் வரும். அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அருணா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போவான். வேலூரில் பெண் எடுத்து, மாமனார் வீட்டுப் பணத்தில் அவனும் ஒரு லாட்ஜ் கட்டினான். மலைமுகம் ரெசிடென்சி என்று பேர். உன் அறைகளையும் என் லாட்ஜோடு சேர்த்துவிடு என்று இரண்டு முறை கேட்டான். அருணா முடியாது என்றாள். சிரித்துக்கொண்டேதான் போனான்.

அன்றைக்கு மொபெட்டை வேங்கிக்கால் பக்கம் திருப்பினாள். கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே மனு டைப் அடித்துக் கொடுக்கிற கடைகளுக்கு நடுவில் ஒரு சென்டர் இருந்தது. அங்கே உட்கார்ந்து தன் வீட்டின் பெயரைத் தட்டினாள். அவளுடைய பக்கம் வந்தது. படங்கள் போயிருந்தன. நடுவில் ஒரே ஒரு வரி: மருதாணி இல்லம் மூடப்பட்டது. அதன் கீழே, எங்கள் விருந்தினர்கள் இனி இங்கே தங்கலாம் என்று ஒரு சுட்டி. அழுத்தினால் மலைமுகம் ரெசிடென்சி திறந்தது.

அவள் அதே வேகத்தில் அவனிடம் போனாள். லாட்ஜ் வரவேற்பறையில் பிளாஸ்டிக் பூவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"என் பேர்ல எப்படி நீ மெயில் எழுதலாம்?"

"உக்காரு, காபி சொல்றேன்."

"எழுதினியா, இல்லியா?"

"பிசினஸ்னா அப்படித்தான் அருணா. வெப்சைட் பேர் என் பேர்ல ரெஜிஸ்டர் ஆயிருக்கு. நான்தான் உண்டாக்கினேன், நான்தான் மூடினேன். நீ அப்பவே என்கூட சேர்ந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது." பிறகு தணிந்த குரலில், "அஞ்சு ரூமை வச்சிக்கினு தனியா ஏன் அல்லாடறே? மாமாவுக்கும் வயசாவுது. நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றான்.

நல்லதுக்கு என்று சொன்னானே, அந்த வார்த்தைதான் அவளுக்குள் போய்த் தைத்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். ஆதிமூலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னாம்மா பண்றது, என் தங்கச்சி புள்ள. போலீசு கேசுன்னு போனா ஊரு சிரிக்கும். வுட்டுத் தொலை."

"போலீசுக்குப் போவல," என்றாள் அருணா.

அந்தக் குளிர்காலம் முழுக்க அறைகள் பூட்டியே கிடந்தன. அவள் தினம் காலையில் ஐந்து அறைகளையும் திறந்து பெருக்கி மறுபடி பூட்டினாள். அப்படிப் பூட்டும்போதெல்லாம் உள்ளே ஒன்று இறுகியது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனை ஊர் ஒன்றும் செய்யாது. சாமியும் சும்மா இருக்கும். தான் சும்மா இருக்கப் போவதில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. எப்படி என்பதுதான் தெரியவில்லை.

வேங்கிக்கால் சென்டர்காரர் கழித்துக்கட்டிய ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, டெலிபோன் லைனில் இணைத்தாள். புதுப் பெயர் ஒன்றைத் தன் பெயரிலேயே பதிவு செய்து, வெப்சைட் செய்வது எப்படி என்று படித்துப் படித்து ஒன்றை உண்டாக்கினாள். ஏற்றிவிட்டு, கூகுளில் தேடினாள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு மாதம் கழித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது, கோவை ஜவுளிக்கடைக்கும் ஏதோ ஜோசியக்காரருக்கும் கீழே, யாரும் எட்டிப்பார்க்காத ஆழத்தில் கிடந்தது. முதல் பக்கத்தில் அவன் இருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. வெப்சைட் வைத்திருப்பது வேறு, அது கண்ணில் படுவது வேறு. காட்டுக்குள் கடை போட்டுவிட்டு வியாபாரம் இல்லை என்று அழுவதுபோல ஆகிவிட்டது அவள் காரியம். எதை மேலே வைப்பது, எதைக் கீழே தள்ளுவது என்று அந்தத் தேடுபொறி எப்படித் தீர்மானிக்கிறது? வெப்சைட் வைத்திருப்பவர்கள் உலகெங்கும் இதே கேள்வியைக் கேட்டு ஒருவருக்கொருவர் புலம்பிக்கொள்ளும் பக்கங்கள் இருந்தன. அவள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றைப் படித்தாள். பாதி பேர் பொய் சொன்னார்கள். பணம் கொடு, நாளைக்கே முதலிடம் என்றார்கள். மீதிப் பேர் சொன்னதில் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. பக்கத்தின் தலைப்பில் தேடுபவர்களின் சொல் இருக்க வேண்டும். மற்ற வெப்சைட்டுகள் உன்னைச் சுட்டிக்காட்ட வேண்டும். பத்துப் பேர் விரல் நீட்டினால்தான் தேடுபொறி திரும்பிப் பார்க்கும்.

எந்தச் சொல்லை எவ்வளவு பேர் தேடுகிறார்கள் என்று சொல்லும் ஒரு கருவி அவளுக்குக் கிடைத்தது. அதில் ஊர்ப் பேரைப் போட்டபோது சிரிப்பு வந்துவிட்டது. திருவண்ணாமலையை இங்கிலீஷில் எழுதத் தெரிந்தவர் உலகத்தில் யாருமே இல்லை. 'டி'யில் தொடங்கி ஒரு கூட்டம், 'டிஎச்'சில் தொடங்கி ஒரு கூட்டம். 'என்' ஒன்றா இரண்டா என்று ஒரு குழப்பம். பிரெஞ்சுக்காரன் ஒரு மாதிரி, இத்தாலிக்காரன் ஒரு மாதிரி. சுரேஷ் கலெக்டர் ஆபீஸ் போர்டில் உள்ளபடி ஒரே எழுத்துக்கூட்டலைப் போட்டு வைத்திருந்தான். அவள் தப்புத் தப்பாக எழுதுகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பக்கம் எழுதினாள். இந்த ஊருக்கு நீங்கள் கேள்விப்பட்ட பெயர்கள் என்று ஒன்று, பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வருவது எப்படி என்று ஒன்று, மலை சுற்றும்போது எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று ஒன்று. எதிலும் பொய் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக நின்றது பௌர்ணமிப் பக்கம். எந்த மாதம் எந்த நாள், எத்தனை மணிக்குப் பௌர்ணமி தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து வருஷம் முழுதுக்கும் போட்டாள். ஜெர்மனியின் நேரம், அமெரிக்காவின் நேரம் எல்லாம் கூடவே போட்டாள். யோகா சொல்லிக்கொடுப்பவர்கள், பக்தி மன்றங்கள், ஊர் சுற்றுகிறவர்கள் எல்லோரும் தங்கள் வெப்சைட்டிலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சுட்டி கொடுத்தார்கள். அவள் யாரையும் கேட்கவில்லை. ஆறு மாதத்துக்குள் மருதாணி இல்லம் இரண்டாம் பக்கத்துக்கு வந்தது. அடுத்த தீபத்துக்கு முன்னால் முதல் பக்கத்துக்கு வந்தது. அறைகள் நிரம்பின. இங்கிரிட் அம்மாளும் திரும்பி வந்தாள், நடந்ததை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு அருணாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆதிமூலம் நிம்மதியடைந்தார். "அவன் அவன் பொழப்பைப் பார்க்கறான், நாம நம்ம பொழப்பைப் பார்ப்போம்," என்றார்.

ஆனால் மருதாணி இல்லம் என்று பெயரைச் சொல்லியே தேடினாலும் இரண்டாவதாக இன்னமும் சுரேஷ்தான் வந்தான். அவன் பக்கத்தில் அந்தப் பெயர் எங்கும் கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு எப்படி வருகிறான்? ஒரு மத்தியானம் அவன் பக்கத்தைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை மௌஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்துப் பார்த்தாள். லாட்ஜ் படங்களுக்குக் கீழே, வெற்றிடம் என்று அவள் நினைத்த இடத்தில், வெள்ளைத் தரையில் வெள்ளை எழுத்தாக வரி வரியாக ஏதோ விழித்துக்கொண்டது. மருதாணி இல்லம், மருதாணி இல்லம், அருணா, அருணா கெஸ்ட் ஹவுஸ், அடி அண்ணாமலை அருணா. கண்ணுக்குத் தெரியாமல், தேடுபொறிக்கு மட்டும் தெரிகிற மாதிரி, அவள் பெயரையே தூண்டில் புழுவாகக் குத்தி வைத்திருந்தான். அதுவும் இத்தனை நாளாக.

அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். இப்படி ஒளித்து எழுதுவது தேடுபொறிக்காரர்களுக்கு ஆகாது என்பதும், அதைப் புகார் செய்ய ஒரு இடம் இருக்கிறது என்பதும் அவளுக்கு முன்பே தெரியும். ஆனால் உடனே செய்யவில்லை. வைகாசியில் செய்து என்ன பயன்? வெயிலில் யார் வருகிறார்கள்? தீபம் முடிந்து, வெள்ளைக்காரர்கள் அறை தேடத் தொடங்கும் நேரம்வரை காத்திருந்தாள். மழை பெய்து கழனி ஈரமாகும்வரை விதையை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறவளைப்போலக் காத்திருந்தாள். உறவில் ஒரு கல்யாண வீட்டில் சுரேஷைப் பார்த்தபோது சிரித்துப் பேசினாள். அவன் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மார்கழியில் புகாரை அனுப்பினாள். பொங்கலுக்குள் மலைமுகம் ரெசிடென்சி தேடலிலிருந்து மறைந்துபோனது. கீழே இறங்கவில்லை. அடியோடு இல்லாமல் போனது. லாட்ஜின் சொந்தப் பெயரைத் தட்டினாலும் வரவில்லை.

அவன் முதலில் சென்னையில் யாரையோ கேட்டான். பிறகு பெங்களூரில் கேட்டான். கடைசியில் மாசி மாதம் அவளிடமே வந்தான். இரண்டு வருஷம் மிதிக்காத வாசலை மிதித்து வந்து நின்றான்.

"உனக்கு இதெல்லாம் ஜாஸ்தி தெரியும்னு சொல்றாங்க," என்றான். "என் சைட்டுக்கு இன்னா ஆச்சுன்னே புரியல. சீசன் முழுக்கப் போச்சு. கொஞ்சம் பாரு அருணா."

"உள்ள வா," என்றாள்.

அவனுக்குச் சாப்பாடு போட்டாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். அந்த வெள்ளை எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துக் காட்டினாள். அவன் காது மடல் சிவந்தது.

"அது... எல்லாரும் செய்யறதுதான்."

"எல்லாரும் செய்யறாங்க. மாட்டிக்கினவன் நீ. திரும்பச் சேர்க்கணும்னா விண்ணப்பம் எழுதணும். இன்னா தப்பு செஞ்சேன்னு ஒளிக்காம ஒத்துக்கினாத்தான் சேர்ப்பாங்க. எதையாவது மறைச்சா அப்படியே தள்ளிடுவாங்க."

அதுவரை அவள் சொன்னது உண்மை. அடுத்துச் சொன்னதுதான் பொய்.

"என் பழைய சைட்டை மூடினது, என் பேர்ல மெயில் எழுதினது, எல்லாத்தையும் எழுதிடு. அவுங்களுக்கு எல்லாம் தெரியும். உன் வாயால வரணும்னு பார்ப்பாங்க."

சுரேஷ் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. அவன் தட்டத் தொடங்கினான். நல்ல இங்கிலீஷில், படித்தவன் எழுதுகிற மாதிரியே எழுதினான். என் உறவுக்காரப் பெண்ணின் வெப்சைட்டை நான் என் பெயரில் பதிந்து வைத்துக்கொண்டேன். அவளுடைய விடுதி மூடப்பட்டது என்று பொய் போட்டேன். அவள் எழுதுவதுபோல அவளுடைய விருந்தினர்களுக்குக் கடிதம் எழுதினேன். அவள் பெயரை என் பக்கத்தில் ஒளித்து வைத்தேன். கீழே பெயர், லாட்ஜ் பெயர், தேதி.

"போதுமா?"

"போதும். நான் அனுப்பிடறேன், நீ போ."

அவள் சொன்னபடி செய்தாள். அவன் பக்கத்திலிருந்து வெள்ளை எழுத்துகளை நீக்கவைத்து, விண்ணப்பத்துக்குத் தேவையானதை மட்டும் அனுப்பினாள். அவன் லாட்ஜ் திரும்பி வந்தாக வேண்டும். அவனைத் தேடுகிறவர்கள் இருந்தால்தானே அவள் செய்யப்போவதற்கு அர்த்தம்? பங்குனியில் மலைமுகம் ரெசிடென்சி தேடலுக்குள் திரும்பியது. அதே வாரம் அருணா தன் வெப்சைட்டில் ஒரு புதுப் பக்கம் ஏற்றினாள். தலைப்பில் அவன் லாட்ஜ் பெயர். உள்ளே அவன் தட்டியது, ஒரு எழுத்து மாறாமல். தன் சொல் ஒன்றுகூட அதில் சேர்க்கவில்லை. ஊர் உலகமெல்லாம் சுட்டிக்காட்டிய பௌர்ணமிப் பக்கத்திலிருந்து அதற்கு ஒரு சுட்டி கொடுத்தாள்.

பிறகு யார் மலைமுகம் ரெசிடென்சியைத் தேடினாலும் முதலில் அது வந்தது. அதன் கீழேதான் லாட்ஜ்.

அடுத்த சீசனில் அவன் மாடி விளக்குகள் எரியவில்லை. வெள்ளைக்காரர்கள் வாசல்வரை வந்து, ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போனதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். சுரேஷ் வந்து வாசலில் நின்று கத்தினான். அவள் அறைக்குள் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை. ஆதிமூலம்தான் அவனைச் சமாதானம் சொல்லி அனுப்பினார்.

பிறகு அவன் மனைவி சிந்துஜா வந்தாள். குழந்தையைக் கூட்டிவரவில்லை. வேலியோரம் நின்றுகொண்டே பேசினாள்.

"அக்கா, நீங்க பட்டது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் வுட்டிருக்க மாட்டேன். இப்ப என் தம்பிக்குப் பொண்ணு பார்க்கிறாங்க. பொண்ணு வீட்டு ஆளுங்க நெட்டுல பார்த்துட்டு, உங்க மாமா மோசடிக்காரராமேன்னு கேக்கறாங்க. அதை எடுத்துடுங்கக்கா. கால்ல வுழறேன்."

"கால்ல எல்லாம் வுழாதே. உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் அருணா. அது உண்மைதான். அவளுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. "உள்ள வா, மோர் குடி."

"எடுப்பீங்களா?"

"அதுல இருக்கிறது பொய்யா?"

சிந்துஜா வேலியிலிருந்து ஒரு மருதாணி இலையைக் கிள்ளினாள்.

"பொய்னு சொல்லு, இப்பவே எடுக்கறேன்."

அவள் மோர் குடிக்காமல் போனாள். அன்றைக்குச் சாப்பாட்டில் உட்கார்ந்த ஆதிமூலம் தட்டைத் தள்ளிவைத்தார்.

"அவன் செஞ்சது ஒரு சீசன். நீ செய்யறது இன்னும் எத்தினி நாளைக்கு?"

"தெரியலப்பா."

"எப்பத்தான் ஆறும் உனக்கு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பூட்டிய ஐந்து அறைகளை நினைத்தாள், நல்லதுக்குத்தான் சொல்றேன் என்ற அந்தக் குரலை நினைத்தாள். ஆறியிருக்கிறதா என்று உள்ளே தொட்டுப் பார்த்தாள். சுட்டது. சுட்டது அவளுக்குப் பிடித்துமிருந்தது. அதை மட்டும் அப்பாவிடம் சொல்லவில்லை.

சித்திரை முடிகிற சமயம், அரிசி வாங்க டவுனுக்குப் போனவள் செங்கம் ரோட்டில் லாட்ஜைக் கடந்தபோது, முகப்பில் சாரம் கட்டியிருந்தது. போர்டு எழுதுகிற இருசப்பன் மேலே நின்று மலைமுகம் ரெசிடென்சியின் மேல் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டு எழுத்துகள் போயிருந்தன. அருணா மொபெட்டை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாண்ணா, பேரு மாத்தறாங்களா?"

"ஆமாம்மா. செவ்வொளி கார்டன்னு எழுதச் சொல்லியிருக்காரு. பழைய பேரு ராசி இல்லியாம்."

"நல்ல பேருதான். இங்கிலீஷ்லயும் எழுதறீங்களா?"

"ரெண்டுலயும்தான்."

"இங்கிலீஷ்ல எப்படி வருது?"

இருசப்பன் பிரஷ்ஷைப் பல்லில் கடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எஸ், ஈ, அப்பால ரெண்டு வி. அருணா கூடவே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வெள்ளைக்காரர்கள் இதில் ஒரு வி-யை விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. புதுப் பக்கத்தை அதற்கும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

உள்ளே வரவேற்பறையிலிருந்து சுரேஷ் அவளைப் பார்த்துவிட்டான். எழுந்து கண்ணாடிக் கதவுவரை வந்தான், திறக்கவில்லை. பிறகு அவள் இருசப்பனிடம் வருகிறேன் என்று தலையசைத்துவிட்டு, அரிசிக் கடைக்குப் போகாமல் மொபெட்டை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.